தீவாந்தரத் தண்டனையும் வ.உ.சி.யும்

ஆங்கிலேயர் தம் நாட்டுக் குற்றவாளிகளைக் கப்பலேற்றி ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பும் வழக்கம் 1788-இல் தொடங்கி 1868-இல் முடிவுற்றது. தம் மக்களுக்கு வேண்டாமென விலக்கிய அத்தண்டனையை அவர்கள் இந்தியருக்கு விலக்கவில்லை. 1858 முதல் அந்தமான் நம்மவர்க்குத் தீவாந்தரமாயிற்று. அத்தண்டனை விதிக்கப்பெற்றும் கடல் கடவாது, நம் கொங்கு மண்ணிலேயே சிறையிருந்தவர் வ. உ. சிதம்பரம் பிள்ளை.

ஒட்டப்பிடாரத்தில் 1872 செப்டம்பர் 5-ஆம் நாள் பிறந்த அவர், தந்தை உலகநாத பிள்ளையைப் போலவே வழக்கறிஞரானார். 1906-இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவினார். பத்து இலட்ச ரூபாய் மூலதனம், இருபத்தைந்து ரூபாய் வீதம் நாற்பதினாயிரம் பங்குகளாகப் பகுக்கப்பட்டது. காலியா, லாவோ என்னும் கப்பல்கள் கொழும்புக்கு ஓடின. 1908-இல் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்திற்கும் அவர் துணைநின்றார். அவ்வாண்டு மார்ச்சில் கைதானார்.

1908 ஜூலை 7-இல் நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தீவாந்தரம் விதித்தார். அரச நிந்தனைக்கு இருபது ஆண்டு. சுப்பிரமணிய சிவாவுக்கு உடந்தையாயிருந்ததற்கு இருபது ஆண்டு. தீர்ப்பைக் கேட்ட தம்பி மீனாட்சிசுந்தரம் சித்தம் கலங்கினார். மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் தண்டனைக் காலத்தைப் பெரிதும் குறைத்தது. வ.உ.சி. அந்தமானுக்கு அனுப்பப்படவில்லை, 1910 வரை கோவைச் சிறையிலும், பின்னர்க் கண்ணூர்ச் சிறையிலும் இருந்தார். கப்பலோட்டியவர் கோவையில் மாடுபோல் செக்கிழுத்தார்.

அக்கைகள் எழுதுகோலையும் விடவில்லை. ஜேம்ஸ் ஆலனின் நூலொன்றைச் சிறையிலிருந்தபடியே 'மனம் போல வாழ்வு' எனத் தமிழாக்கினார். கண்ணூரில் உடனிருந்த கைதிகளுக்கு அறம் உரைத்தார்; அம்முயற்சியே ஐந்து இயல்களில் 125 அதிகாரங்கள் கொண்ட 'மெய்யற'மாக உருப்பெற்றது. சமூகம் ஒதுக்கிய கைதிகளே அந்நூலின் முதல் மாணாக்கர் என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

1912 டிசம்பரில் விடுதலையானபோது அவரை வரவேற்கத் திரண்ட கூட்டமில்லை. தொழுநோயுற்ற சிவா வந்து நின்றார். கம்பெனி கலைந்துபோயிருந்தது, வழக்கறிஞர் உரிமமும் பறிபோயிருந்தது. சிறை விட்டு மீண்ட பின்னரே உண்மைத் தீவாந்தரம் தொடங்கிற்று எனலாம். வறுமையிடையே தொல்காப்பிய இளம்பூரணர் உரையைப் பதிப்பித்தார். குறளுக்கு உரை வரைந்தார். தம் வரலாற்றை அகவலில் பாடினார். உரிமம் மீளத் துணைசெய்த ஆங்கில நீதிபதி வாலஸின் பெயரைத் தம் மகனுக்கு வாலேஸ்வரன் எனச் சூட்டினார். ஆங்கிலேயர் ஆட்சியை எதிர்த்தவர் ஆங்கிலேயரை வெறுத்தாரல்லர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. 1936 நவம்பர் 18-இல் தூத்துக்குடியில் மறைந்தார்.

அவர் இழுத்த செக்கைப் போற்றும் நாம், அவர் எழுதிய 'மெய்யற'த்தைப் படிப்பது அருகிவிட்டது. அதில் கவிச்சுவை குறைவு என்பார் உளர். கல்லாத கைதியும் கேட்ட அளவில் நெஞ்சில் நிறுத்த வேண்டும் என்பதற்காகவே அச்சொற்கள் அத்துணைச் சிறுகின. யாருக்காகப் பாடுகிறோம் என்னும் வினா கவிஞர்க்கெல்லாம் உரியது. அவ்வினாவோடு நம் வட்டத்தின் பதினோராம் ஆண்டில் 'மெய்யற'த்தை ஒருமுறை முழுதும் ஓதுவோமாக.