பகவான் ஸ்ரீ ரமண மகரிஷிகள் (1879–1950)

சித்திரைப் புத்தாண்டை ஒட்டி வரும் ஏப்ரில் 14ஆம் திகதி ரமண மகரிஷிகள் சமாதியடைந்த நாள். அவர் படம் எம்மில் பலரது சுவாமி அறையில் இருக்கிறது. அவர் வரலாறோ எமது பிள்ளைகளுக்கு அவ்வளவாகத் தெரியாது. ஆகையால் இம்முறை அவரைப் பற்றிச் சிறிது எழுதுகிறோம்.

பாண்டி நாட்டுத் திருச்சுழியில் 1879 டிசெம்பர் 30ஆம் திகதி, திருவாதிரைத் திருநாளில், சுந்தரம் ஐயருக்கும் அழகம்மாளுக்கும் இரண்டாவது மகனாகப் பிறந்தார். இட்ட பெயர் வேங்கடராமன். வக்கீல் தொழில் பார்த்த தந்தையார் 1892இல் காலமாக, மதுரையில் சிறிய தந்தையார் வீட்டில் தங்கி அமெரிக்க மிஷன் பாடசாலையில் படித்தார். படிப்பில் பெரிய அக்கறை இல்லை. 1896ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஒரு நாள், எந்த நோயும் இல்லாதபோதே, சாகப்போகிறோம் என்ற பயம் திடீரென அவரைப் பிடித்தது. அவர் வைத்தியரைத் தேடவில்லை. பிணம்போல் நீட்டி நிமிர்ந்து படுத்து, உடம்பு செத்தால் சாவது யார் என்று தமக்குள்ளேயே பார்த்தார். அதன்பின் பள்ளிப் புத்தகம் அவர் மனதில் ஒட்டவில்லை.

அவ்வருடம் ஓகஸ்ட் 29ஆம் திகதி, விசேட வகுப்பு இருக்கிறது என்று சொல்லி எழுந்தார். தமையனார் தமது கல்லூரிக் கட்டணத்துக்கு 5 ரூபாய் எடுத்துப்போய்க் கட்டச் சொன்னார். கணக்குப் புத்தகங்களோடு காலம் கழிக்கும் எமக்கு இதன்பின் நடந்தது மிகவும் பிடிக்கும். வேங்கடராமன் 3 ரூபாயை மாத்திரம் எடுத்துக்கொண்டார். மீதி 2 ரூபாயோடு ஒரு கடிதம் வைத்தார். தம்மைத் தேடிப் பணம் செலவழிக்க வேண்டாம் என்றும், கட்டணம் இன்னும் கட்டப்படவில்லை என்றும் அதில் எழுதினார். “நான்” என்று தொடங்கிய கடிதம் போகப்போக “இது” என்று மாறியது. கையொப்பம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு.

பழைய தேசப்படத்தைப் பார்த்துத் திண்டிவனந்தான் கிட்டிய புகையிரத நிலையம் என்று நினைத்து 2 ரூபாய் 13 அணாவுக்கு ரிக்கற் வாங்கினார். (16 அணா ஒரு ரூபாய் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.) மிஞ்சியது 3 அணா. வழியில்தான் விழுப்புரத்தில் இறங்கி மாறவேண்டும் என்று தெரிந்தது. கையிலிருந்த சில்லறை மாம்பழப்பட்டு வரைக்குமே போதுமாயிற்று, அங்கிருந்து நடந்தார். திருக்கோவலூர்க் கீழூரில் ஒரு பாகவதரிடம், சுமார் 20 ரூபாய் பெறுமதியான காதுக் கடுக்கனை ஈடு வைத்து 4 ரூபாய் பெற்றார். மீட்க வரும் எண்ணமே இல்லாதபடியால் பாகவதர் எழுதிக் கொடுத்த விலாசத்தைக் கிழித்துப் போட்டார். செப்ரெம்பர் முதலாம் திகதி திருவண்ணாமலை போய்ச் சேர்ந்து அருணாசலேசுவரரைத் தரிசித்தார். எஞ்சிய மூன்றரை ரூபாயும் அய்யங்குளத்தில் போனது. அதன்பின் அவர் பணத்தைக் கையால் தொடவில்லை.

கோயிலின் பாதாள லிங்கத்தருகே பூச்சிகள் தொடையை அரிப்பதும் தெரியாமல் இருந்தவரைச் சேஷாத்திரி சுவாமிகள் காத்தார். பின்னர் மலைக்குகைகள். சிவப்பிரகாசம் பிள்ளை கேட்டவற்றுக்கு 1902இல் எழுதிக் காட்டிய விடைகளே ‘நான் யார்?’ என்ற சிறுநூலாயின.

ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். 1898 இறுதியில் தாயார் தேடி வந்து, வீட்டுக்கு வரும்படி நாட்கணக்காக அழுதார். மகன் வாய் திறக்கவில்லை. நடக்க வேண்டியது நடந்தே தீரும் என்ற கருத்தில் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தார், அவ்வளவுதான். தாய் ஒரு நாட்டிலும் பிள்ளை இன்னொரு நாட்டிலுமாக வாழும் எமக்கு இது எளிதில் செரிக்கக் கூடியதல்ல. ஞானி என்பதற்காக அந்தத் தாயின் கண்ணீரைச் சிறிதாக்க எமக்கு மனமில்லை.

ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. 1916இல் தாயார் மகனோடேயே தங்க வந்துவிட்டார். கந்தாச்சிரமத்தில் அடியார்களுக்குச் சமைத்துப் போட்டார். 1922 மே 19ஆம் திகதி அவர் உயிர் பிரியும்வரை மகன் ஒரு கையை நெஞ்சிலும் மறு கையைத் தலையிலும் வைத்தபடி பக்கத்திலேயே இருந்தார். மலையடியில் சமாதி வைத்தார்கள். நாள்தோறும் இறங்கி வந்துபோனவர், சில மாதங்களில் ஒருநாள் மேலே திரும்பவில்லை. தாயோடு வீட்டுக்குப் போக மறுத்தவர் தாயின் சமாதியடியிலேயே குடியிருந்துவிட்டார். இன்றைய ரமணாச்சிரமம் அப்படி உண்டானது.

ஆச்சிரமம் வளர, சொத்தும் வழக்கும் வந்தன. 1938இல் மரணசாசனம் எழுதியபோது கையொப்பத்துக்குப் பதிலாக அவர் மறுபடியும் ஒரு கோடு இழுத்தார். 42 வருடங்களுக்கு முன் வைத்த அதே கோடு.

1948 இறுதியில் இடது கையில் சிறு கட்டி தோன்றியது, புற்றுநோய். நான்கு முறை சத்திரசிகிச்சை செய்தும் தணியவில்லை. அந்த வேதனையிலும் வந்தவர்களுக்குத் தரிசனம் கொடுப்பதை நிறுத்தவில்லை. 1950 ஏப்ரில் 14, வெள்ளிக்கிழமை இரவு 8.47க்கு, அடியார்கள் அக்ஷரமணமாலை பாடிக்கொண்டிருக்க, மூச்சு அடங்கியது. அன்னையின் கோயிலுக்குப் பக்கத்திலேயே சமாதி வைத்தார்கள்.