தொடாமல் படித்த முனை

விடைத்தாள் திருத்துவதில் ஆசிரியரின் இரவுகள் கழிவது எந்நாட்டிலும் உண்டு. இதனை எழுதும் கையும் அவ்வலுப்பை அறியும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், அயர்ன்வுட் என்னும் சுரங்க ஊரில் உயர்நிலைப்பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய ரெனால்டு ஜான்சன் அவ்வலுப்பிலிருந்தே கண்டுபிடிப்பாளர் ஆனார்.

1906இல் பிறந்த ஜான்சன் சிறுவயதில் குறும்பர். தமக்கையரைக் காணவரும் இளைஞர்களின் மகிழுந்துப் பொறியில் தீப்பொறி தரும் செருகியின்மீது பென்சிலால் கோடிழுத்து வைப்பார். பென்சில்கரி மின்சாரத்தைக் கடத்துவதால் தீப்பொறி எழாது, வண்டி கிளம்பாது. அக்குறும்பு பின்னாளில் பயன்பட்டது. மாணவர் பென்சிலால் குறித்த இடத்தில் மின்சாரம் பாயும், குறிக்காத இடத்தில் பாயாது என்னும் எளிய உண்மையைக் கொண்டு விடைத்தாள் திருத்தும் கருவியை அமைத்தார். பொருளாதாரப் பெருமந்தம் வாட்டிய 1934ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் அதன் உரிமையை வாங்கி, அவரையும் பொறியாளராக அமர்த்திக்கொண்டது.

1952இல் கலிபோர்னியாவின் சான் ஓசே நகரில் புதிய ஆய்வகம் தொடங்க அவர் அனுப்பப்பட்டார். அக்காலத்தில் வணிகக் கணக்குகள் துளையிட்ட அட்டைகளிலும் காந்த நாடாக்களிலும் இருந்தன. நாடாவின் இறுதியில் உள்ள ஒரு கணக்கைக் காண முழு நாடாவையும் ஓடவிட வேண்டும். நூலில் வேண்டிய பக்கத்தைப் புரட்டுவதுபோல் வேண்டிய செய்தியை உடனே எடுக்க வழியுண்டா என்பதே ஜான்சன் குழுவினர்முன் நின்ற வினா. சுழலும் வட்டுகளில் அவர்கள் விடை தேடினர்.

அலுமினிய வட்டின்மீது இரும்பு ஆக்சைடு கலந்த பூச்சைப் பூசினர். மெல்லிய காலுறைத் துணியில் வடிகட்டிய அப்பூச்சைக் காகிதக் கோப்பையிலிருந்து சுழலும் வட்டின் நடுவில் ஊற்ற, அது சீராகப் பரவியது. வட்டின்மேல் நகரும் சிறு முனையில் கம்பிச்சுருள் உண்டு. அதில் பாயும் மின்னோட்டத்தின் திசைக்கேற்பப் பூச்சின் நுண்பகுதிகள் காந்தமாகும். காந்தத்திசை மாறினால் ஒன்று, மாறாதிருந்தால் சுழியம். படிக்கும்போது, திசை மாறும் இடம் முனையைக் கடக்கையில் சுருளில் சிறு மின்துடிப்பு எழும். மின்சாரத்தை நிறுத்தினாலும் காந்தம் அழியாது, எழுதியது நிற்கும்.

இடர் வேறிடத்தில் இருந்தது. முனை விலகியிருந்தால் காந்தத்தை உணராது. நொடிக்கு 20 முறை சுழலும் வட்டைத் தொட்டாலோ பூச்சு உரிந்து எழுதியதெல்லாம் அழியும். முனையிலிருந்து அழுத்தக் காற்றைச் செலுத்தி, மயிரிழையின் தடிமனினும் குறைந்த இடைவெளியில் அதனை மிதக்கவிட்டனர். அவ்விடைவெளியைக் காத்ததே அவர்களின் வெற்றி.

1956 செப்டம்பரில் ராமாக் என்னும் கணினியுடன் உலகின் முதல் நிலைவட்டு, அதாவது ஹார்டு டிஸ்க், அறிமுகமாயிற்று. 24 அங்குல விட்டமுள்ள 50 வட்டுகள். எடை ஏறத்தாழ ஒரு டன். கொள்ளளவு 50 இலட்சம் எழுத்துகள். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு நிழற்படமே ஏறத்தாழ அவ்வளவு இடத்தை நிரப்பும். ஆயினும் வேண்டிய கணக்கு ஒரு நொடிக்குள் கைக்கு வந்தது.

தொண்ணூறுக்கு மேற்பட்ட காப்புரிமைகள் பெற்ற ஜான்சன் 1971இல் ஓய்வு பெற்றார். 1986இல் அமெரிக்க அரசின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் பெற்றார். ஓய்வுக்குப் பின்னும் அவருக்குள் இருந்த ஆசிரியர் ஓயவில்லை. குழந்தைகளுக்காகப் பேசும் புத்தகங்களுக்கான ஒலிக்கருவியை உருவாக்கினார். 1998இல், தம் 92ஆம் வயதில் மறைந்தார்.