கடனில் வாங்கிய கிரீடம்

பொருளியல் ஆசிரியனாகப் பல ஆண்டுகள் கடனைப் பற்றிப் பாடம் நடத்தியவன் நான். வரலாற்றில் என்னை மிகவும் வியக்க வைத்த கடனாளி, யூத அரச குடும்பத்தில் பிறந்த முதலாம் அக்ரிப்பா. முதல் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் யோசேபஸ் அவருடைய கடன்களைத் தொகை உள்பட எழுதி வைத்திருக்கிறார்.

மகா ஏரோது மன்னரின் பேரன் அக்ரிப்பா. அரியணைச் சந்தேகத்தால் அவருடைய தந்தை அரிஸ்டோபுலஸை ஏரோதே கி.மு. 7-இல் கொல்வித்தார். ரோமுக்கு அனுப்பப்பட்ட சிறுவன், பேரரசர் திபேரியஸின் மகன் துருசஸுக்கு நண்பனாக வளர்ந்தான். தாய் இறந்தபின் பரம்பரைச் சொத்து விருந்துகளிலும் பரிசுகளிலும் கரைந்தது. கி.பி. 23-இல் துருசஸ் இறந்தார். மகனின் நண்பர்களைக் காணவும் திபேரியஸுக்கு மனமில்லை. செல்வாக்கு போனதும் கடன்காரர்கள் நெருக்கினர். அக்ரிப்பா ஊரைவிட்டு வெளியேறினார்.

தற்கொலை எண்ணம் வரை சென்றவரை மீட்டவர் மனைவி கிப்ரோஸ். அவருடைய முயற்சியால் திபேரியா நகரில் சந்தைக் கண்காணிப்பாளர் பதவி கிடைத்தது. அதுவும் நிலைக்கவில்லை. பின்னர் 20,000 திராக்மாவுக்குப் பத்திரம் எழுதிக்கொடுத்து, பழைய பாக்கியின் பெயரால் 2,500 குறைத்தே தொகையைப் பெற முடிந்தது. ரோமக் கருவூலத்துக்குத் தர வேண்டிய 3 லட்சம் திராக்மாவுக்காகப் படைவீரர்கள் வந்தபோது, இரவோடு இரவாகக் கப்பலேறித் தப்பினார். அலெக்சாந்திரியாவில் 2 லட்சம் கடன் கேட்டார். அங்கிருந்த யூதச் செல்வந்தர் அலெக்சாந்தர் கணவரை நம்பிக் கடன் தர மறுத்து, மனைவியை நம்பித் தந்தார். நாணயம் என்ற சொல்லின் இரு பொருள்களும் இங்கே ஒன்றாகின்றன.

ரோமில் அந்தோனியா என்ற அரச குடும்பத்து மூதாட்டி 3 லட்சம் கொடுத்துக் காத்தார். அக்கடனை அடைக்க வேறொருவரிடம் 10 லட்சம் வாங்கிய அக்ரிப்பா, மிச்சத்தை அந்தோனியாவின் பேரன் கலிகுலாவின் நட்புக்காகச் செலவிட்டார். கலிகுலா விரைவில் பேரரசராக வேண்டும் என்று அவர் சொன்னது திபேரியஸின் காதுக்கு எட்டியது. ஆறு மாதம் விலங்குடன் சிறையில் கிடந்தார். கி.பி. 37-இல் கலிகுலா அரியணை ஏறினார். இரும்புச் சங்கிலியின் எடைக்கு எடை தங்கச் சங்கிலியும் ஓர் அரசும் அக்ரிப்பாவுக்குக் கிடைத்தன.

எருசலேம் ஆலயத்தில் தன் சிலையை நிறுவக் கலிகுலா ஆணையிட்டபோது உண்மையான சோதனை வந்தது. யூதர்கள் உயிரைக் கொடுத்தேனும் தடுக்கத் துணிந்தனர். வாழ்நாளெல்லாம் தனக்காகச் சேர்த்த செல்வாக்கை அக்ரிப்பா அன்று மக்களுக்காகப் பணயம் வைத்தார். விருந்தில் வேண்டினார் என்கிறார் யோசேபஸ். நீண்ட மடல் எழுதினார் என்கிறார் ஃபைலோ. சினந்தால் தலையையே வாங்கக்கூடிய பேரரசர் அப்போது இணங்கினார்.

கி.பி. 41-இல் கிளாடியஸ் பேரரசரானதும் யூதேயாவும் சமாரியாவும் சேர்ந்தன. பாட்டனாரின் நாடு ஏறத்தாழ முழுவதும் திரும்பியது. எருசலேம் மக்களின் வீட்டுவரியை நீக்கினார். தங்கச் சங்கிலியை ஆலயத்துக்கு அளித்தார். அதே கைதான் பெய்ரூட்டில் குற்றவாளிகள் 1,400 பேரை ஒருவரோடொருவர் பொருதவிட்டு மாளவைத்தது. இயேசுவின் சீடர் யாக்கோபைக் கொன்றதாக விவிலியம் கூறுகிறது. ஆண்டு வருவாய் 1 கோடியே 20 லட்சம் திராக்மா. அப்போதும் கடன் வாங்கினார்.

எருசலேமுக்குப் புதிய மதில் எழுப்பத் தொடங்கியபோது ரோமாபுரி தடுத்தது. கடன் கொடுத்தவரின் கை கணக்கின் மேலேயே இருந்தது. கி.பி. 44-இல், 54-ஆம் வயதில் செசரியாவில் இறந்தார். மகனுக்கு 17 வயது. இளையவன் என்று கூறி யூதேயாவை மீண்டும் ரோம அதிகாரியிடமே ஒப்படைத்தனர். 66-இல் கிளர்ச்சி மூண்டது. அவர் காப்பாற்றிய ஆலயம் 70-இல் எரிந்தது.

ஊதாரி என்று அவரை ஒதுக்க என்னால் இயலவில்லை. ஒருமுறையேனும் தன் செல்வாக்கை உரிய இடத்தில் செலவிட்டவர் அவர். ஆனால் சொத்தைப் பிள்ளைக்கு எழுதி வைக்கலாம். பேரரசரிடம் பெற்ற தனிப்பட்ட நம்பிக்கையை எழுதி வைக்க முடியாது. ஒரு மக்களின் பாதுகாப்பு ஒருவருடைய நட்பை மட்டும் நம்பி நின்றால், அது அவர் ஆயுளோடு முடிந்துவிடும்.