பறங்கிப்பேட்டை ஹீத் துரை

காடாம்புலியூரினின்று தென்கிழக்கே சென்று, வெள்ளாறு கடலொடு கலக்குமிடத்தை அடைவோமாயின், ஆங்கே பறங்கிப்பேட்டை என்னும் பழைய துறைமுகத்தைக் காண்போம். அவ்வூர் ஒருகாலத்தில் இரும்புருக்கும் பேருலைகளுக்கு இருப்பிடமாயிருந்ததை நம் மாணாக்கருள் அறிந்தார் சிலரே. அவ்வுலைகளை எழுப்பிய ஜோசையா மார்ஷல் ஹீத் என்பாரது வரலாற்றை ஈண்டுச் சுருக்கிக் கூறுவாம். புதுப்பொருள் ஒன்றை ஆக்குவோர்க்கு எந்நிலை மிக்க பயன் தருவது என்பதை அது நன்கு விளக்கும்.

ஹீத், கிழக்கிந்தியக் கும்பினியின் சென்னை மாகாண உத்தியோகஸ்தர். சேலத்து இரும்புத் தாதின் உயர்வைக் கண்டு, நல்ல உத்தியோகத்தை விடுத்து, 1830ஆம் ஆண்டில் பறங்கிப்பேட்டையில் ஆலை தொடங்கினார். ஐரோப்பிய முறைப்படி பெரிய உலை அமைத்து மரக்கரியால் உருக்குவது அவர் நோக்கம். முதல் முயற்சிகள் இடர்ப்பட்டன; கைப்பொருள் கரைந்தது; கும்பினியாரிடம் கடனும் பெற்றார். ஆயினும் இரும்பு உண்டாயிற்று. அது இங்கிலாந்துக்கும் சென்றது.

உலையோடு அவர் நின்றாரில்லர். நம் நாட்டுக் கொல்லர் எஃகு செய்யும் வகையையும் கூர்ந்து நோக்கினார். அவர்கள் இரும்புத் துண்டுகளை ஆவாரை விறகோடு மண் மூசையில் இட்டு, எருக்கிலை முதலியவற்றால் மூடி, வாயடைத்து உருக்கினர். கற்றோர் எளிதென எண்ணி இகழ்ந்த அத்தொழிலில் ஆழ்ந்த அறிவு உறைவதை உணர்ந்து, 1839ஆம் ஆண்டில் அதைப்பற்றி எழுதி வெளியிட்டார்.

அவ்வாண்டிலேயே இங்கிலாந்தில் ஒரு தனியுரிமையும் பெற்றார். மாங்கனீசையும் கரியையும் சேர்த்து முன்னரே ஆக்கிய பொருளைச் சிறிதளவு எஃகில் இடின், விலைமிக்க சுவீடன் இரும்பையே நாடாது, உள்நாட்டிரும்பாலும் அடித்து இணைக்கத்தக்க நல்லெஃகு செய்யலாம் என்பது அவர் கண்டது. பின்னர் அதனினும் எளிய வழி புலப்பட்டது. அப்பொருளைத் தனியே ஆக்கவேண்டுவதில்லை. மாங்கனீசுத் தாதையும் கரிப்பொருளையும் எஃகோடு மூசையிலேயே இட்டால், அது உள்ளேயே உண்டாகும். செலவு பெரிதும் குறைந்தது. ஆக்குவோன் அடையும் நிலைகளுள் இதுவே தலையாயதென்போம். அரிதாய்க் கண்டது இங்கேயே எல்லார்க்கும் எளிதாகின்றது.

அந்நிலையே அவர்க்கு இன்னலும் விளைத்தது. நம்பிக்கையோடு இவ்வெளிய வழியைத் தம் முகவராகிய அன்வின் என்பார்க்குக் கூறினார். உரிமைப் பட்டயத்தில் கூறியது ஆக்கிய பொருளையேயன்றித் தாதையன்று எனச் சொல்லி, அன்வின் பணங்கொடாது அம்முறையைக் கையாண்டார். வழக்கு நெடுங்காலம் நடந்தது. ஹீத் 1851ஆம் ஆண்டில் இறந்தார். 1855ஆம் ஆண்டில் பிரபுக்கள் சபை அவர் பக்கத்துக்கு மாறாகவே முடிவு செய்தது.

அடுத்த ஆண்டில் பெஸ்ஸெமர் என்பார் வெளியிட்ட புதிய எஃகு முறையும் மாங்கனீசின் துணையின்றிச் செவ்வையாக நிலைபெறவில்லை. பறங்கிப்பேட்டை உலைகளோ சில ஆண்டுகளில் அவிந்தன.

பொருள் எளிமை பெறும் நிலையே உலகுக்குப் பெரும்பயன் தருவது. ஆக்கியோன் தன் உரிமையை மிக விழிப்போடு காக்கவேண்டிய நிலையும் அதுவே. முற்பட எழுதிய பட்டயம் பிற்பட வளர்ந்த அறிவைக் காவாது. ஆய்வுச்சாலையில் பயிலும் நம் மாணாக்கர், கண்டதை ஒவ்வொரு படியிலும் முழுதுற எழுதிவைக்கும் பழக்கத்தை இவர் வாழ்விலிருந்து கைக்கொள்வாராக.