மாவுக்கட்டும் கல்கியும்

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலர் கேட்டபோது எனக்கு வேறு யாரும் ஞாபகத்துக்கு வரவில்லை. கல்கிதான் வந்தார். காரணம் இருக்கிறது நண்பர்களே!

இரண்டாம் ஆண்டில் நான் இரண்டு மாதம் வகுப்புக்கு வராதது உங்களில் பலருக்குத் தெரியும். வெள்ளிமலையில் அத்தை வீட்டு விசேஷத்துக்குப் போய்த் திரும்பும்போது, கல்வராயன் மலை வளைவு ஒன்றில் வேன் சாய்ந்துவிட்டது. மற்றவர்களுக்குச் சிராய்ப்பு. எனக்கு மட்டும் வலது கால் முறிந்தது. மாவுக்கட்டோடு கச்சிராயபாளையம் வீட்டுத் திண்ணையில் கிடந்தேன். தேர்வும் போயிற்று. டிப்ளமோவே வேண்டாம், கால் சரியானதும் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போயிடலாம்னு மனசுக்குள்ள முடிவே பண்ணிட்டேன்.

அப்போதுதான் தாத்தா பரணிலிருந்து அட்டை போன ஒரு புத்தகத்தை இறக்கிக் கொடுத்தார். பார்த்திபன் கனவு. முதல் சில பக்கங்களைக் கறையான் தின்றிருந்தது. போர்க்களத்தில் காயம்பட்டுக் கிடக்கும் பார்த்திப சோழன் தன் கனவை ஒரு சிவனடியாரிடம் ஒப்படைத்துவிட்டு உயிர் விடுகிறான். மகன் விக்கிரமன் பல்லவனை எதிர்த்து நாடு கடத்தப்படுகிறான். பிறகு இரத்தின வியாபாரி வேடத்தில் திரும்பி வந்து, காய்ச்சலில் நினைவிழந்து ஒரு மண்டபத்தில் விழுந்து கிடக்கிறான். அவனைக் காப்பாற்றுவது யார்? அவனை நாடு கடத்திய நரசிம்ம பல்லவனின் மகள் குந்தவி! எதிரியின் மகளே மருந்து கொடுக்கிறாள். எனக்கு மருந்து கொடுத்தது என் அக்கா, அதுவும் திட்டிக்கொண்டே.

கதையை முடித்ததும், எழுதியவர் யாரென்று தேட ஆரம்பித்தேன். ரா. கிருஷ்ணமூர்த்தி 1899 செப்டம்பர் 9-ல் பழைய தஞ்சை மாவட்டத்துப் புத்தமங்கலத்தில் பிறந்தவர். அப்பா கிராமக் கணக்கர். திருச்சியில் படித்துக்கொண்டிருந்தவர், 1921-ல் காந்தியின் ஒத்துழையாமை அழைப்பைக் கேட்டு, பள்ளி இறுதித் தேர்வு நெருங்கிய வேளையில் படிப்பை விட்டு வெளியேறினார்! இதைப் படித்ததும் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. இவ்வளவு பெரிய ஆளே பரீட்சை எழுதலையேன்னு அம்மாகிட்ட போய்ச் சொன்னேன். அம்மா ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவர். அவர் நாட்டுக்காக விட்டார், நீ காலுக்காக விடப் பார்க்கிறாய் என்ற அர்த்தத்தில் ஒரே வரியில் என் வாயை அடைத்துவிட்டார்.

அம்மா சொன்னது சரிதான். படிப்பை விட்ட மனிதர் சும்மா இருக்கவில்லை. 1922-ல் ஓராண்டு சிறை. 1923-ல் திரு.வி.க.வின் நவசக்தியில் உதவி ஆசிரியர். பிறகு திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்தில் ராஜாஜியோடு மதுவிலக்குக்காக விமோசனம் பத்திரிகை வேலை. அப்புறம் மறுபடி சிறை. 1931 முதல் ஆனந்த விகடனில் ஆசிரியர். கர்நாடகம் என்ற பெயரில் சங்கீத விமர்சனம் வேறு! அவர் எழுதிய தியாகபூமி 1939-ல் படமாக வந்தது, வெள்ளைக்காரன் தடை போட்டான்.

எனக்கு ரொம்பப் பிடித்த கட்டம் 1941. நல்ல வேலையை விட்டுவிட்டு மூன்றாம் முறையாகச் சிறைக்குப் போகிறார். வெளியே வரும்போது வயது நாற்பத்தொன்று, கையில் வேலையில்லை. நண்பர் சதாசிவத்தோடு சேர்ந்து கல்கி பத்திரிகையைத் தொடங்குகிறார். சாவித்திரி படத்தில் எம்.எஸ். சுப்புலட்சுமி நாரதராக நடித்து வாங்கிய பணம்தான் அதற்கு முதல். அந்தப் புதுப் பத்திரிகையில் வந்த தொடர்தான், தாத்தா பரணிலிருந்து இறக்கிய பார்த்திபன் கனவு. விக்கிரமனின் காய்ச்சல் தெளிய அந்தக் காலத்து வாசகர்கள் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. நான் ஒரே ராத்திரியில் தெளிய வைத்துவிட்டேன்!

பின்னர் சிவகாமியின் சபதம், அலை ஓசை. 1950 முதல் 1954 வரை மூன்றரை ஆண்டு பொன்னியின் செல்வன், மணியத்தின் ஓவியங்களோடு. அதில் நம்ம ஊர்ப் பெருமையும் உண்டு. திருக்கோவலூர் மலையமானின் மகள் வானவன் மாதேவி பெற்ற பிள்ளைதான் ராஜராஜ சோழன். அந்தத் திருக்கோவிலூர் 2019 முதல் நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கிறது. ஆக, ராஜராஜன் நமக்குப் பேரன் முறை!

அதே கதையில் விஜயாலய சோழர் பற்றி வருகிறது. உடம்பில் தொண்ணூற்றாறு புண், இரண்டு காலும் விளங்காது. ஆனாலும் திருப்புறம்பியம் போரில் ஆள் தோளில் ஏறிக்கொண்டு இரண்டு கையாலும் வாள் வீசுகிறார். கொஞ்சம் ஓவர்தான், ஒத்துக்கொள்கிறேன். கல்கியிடம் திடீர்ச் சந்திப்புகளும் மாறுவேடங்களும் அதிகம் என்று எங்கள் தமிழாசிரியரும் சொல்வார். ஆனால் ஒரு காலோடு திண்ணையில் கிடந்தவனுக்கு அந்தப் பக்கம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். மறுநாளே அக்காவிடம் பொறியியல் வரைகலைப் புத்தகத்தை எடுத்து வரச் சொன்னேன்.

பொன்னியின் செல்வன் முடிந்த அதே ஆண்டில், 1954 டிசம்பர் 5-ல், காசநோயால் கல்கி காலமானார். ஐம்பத்தைந்து வயதுதான். அமரதாரா பாதியில் நின்றது, மகள் ஆனந்தி அதை முடித்தார். அலை ஓசைக்கு 1956-ல் சாகித்ய அகாதமி விருது வந்தபோது வாங்கிக்கொள்ள அவர் இல்லை.

எனக்கு இருந்த ஐந்து அரியரில் நான்கு முடிந்துவிட்டது. கணிதம் மட்டும் பாக்கி. மழை நாளில் கால் இன்னும் வலிக்கும். பொன்னியின் செல்வன் ஐந்தாம் பாகத்தை என்னிடமிருந்து வாங்கிப்போன விடுதி நண்பர் யாராக இருந்தாலும், இதைப் படித்ததும் தயவுசெய்து கொண்டு வந்து கொடுத்துவிடுங்கள். தாத்தா தினமும் கேட்கிறார்.