கல்லில் பதிந்த இலைகள்

தோட்டத்தில் உதிரும் ரப்பர் இலை நாளடைவில் மட்கி மண்ணாகிவிடும். மட்குவதற்குள் சேற்றில் புதையும் இலையோ சில வேளைகளில் பாறையில் தன் வடிவத்தைப் பதித்துவிடும். இதுவே புதைபடிவம். இத்தகைய படிவங்களைக் கொண்டு பண்டைத் தாவரங்களை ஆராய்ந்தவர் பீர்பால் சாஹ்னி.

இவர் 1891ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் அன்றைய பஞ்சாபில் பிறந்தார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சீவர்டிடம் பயின்றார். 1921இல் லக்னோ பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பேராசிரியரானார்.

இந்தியாவின் ராஜ்மகால் குன்றுகளில் இலை, தண்டு, பூ ஆகியவற்றின் படிவங்கள் தனித்தனியே கிடைத்தன. அறிஞர்கள் ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு பெயரிட்டிருந்தனர். சாஹ்னி அவற்றின் உள்ளமைப்பை நுண்ணோக்கியில் பொறுமையாக ஒப்பிட்டார். அவை ஒரே தாவரத்தின் உறுப்புகள் என 1932இல் விளக்கினார். தம் ஆசிரியரைச் சிறப்பித்து, அத்தாவரத்திற்கு ‘வில்லியம்சோனியா சீவர்டியானா’ எனப் பெயர் சூட்டினார். பல கோடி ஆண்டுகளுக்கு முன் அழிந்த தாவரம் இவ்வாறு முழு உருவம் பெற்றது.

தொல்தாவரவியலுக்குத் தனி ஆய்வு நிலையம் வேண்டும் என்பது அவர் கனவு. அதன் கட்டடத்திற்கு 1949 ஏப்ரல் 3ஆம் நாள் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். ஏழே நாளில் சாஹ்னி காலமானார். ஆயினும், அவர்தம் மனைவி சாவித்திரி அப்பணியைத் தொடர்ந்தார். லக்னோவில் அந்நிலையம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி இயங்குகிறது.