அறிவதற்கும் விலை உண்டு: லியோ சிலார்ட்

1867இல் மேக்ஸ்வெல் என்ற ஸ்காட்லாந்து அறிஞர் ஒரு புதிர் போட்டார். காற்று நிறைந்த பெட்டி. நடுச்சுவரில் சிறு கதவு. அதைக் காக்க ஒரு குட்டிப் பூதம். வேகமான மூலக்கூறுகளை ஒரு பக்கமும் மெதுவானவற்றை மறுபக்கமும் அது பிரித்து அனுப்பினால், அடுப்பே இல்லாமல் ஒரு பக்கம் சூடேறிவிடும். அப்படியானால் வெப்பவியலின் இரண்டாம் விதி என்னாவது?

இதற்கு வழிகாட்டியவர் லியோ சிலார்ட். 1898இல் புடாபெஸ்ட்டில் யூதக் குடும்பத்தில் பிறந்து, 1922இல் பெர்லினில் முனைவர் பட்டம் பெற்றவர். ஐன்ஸ்டீனுடன் சேர்ந்து குளிர்பதனப் பெட்டிக்குக் காப்புரிமை வாங்கியவரும்கூட!

1929இல் வெளியான கட்டுரையில் அவர் பெட்டிக்குள் ஒரே ஒரு மூலக்கூறை விட்டு, நடுவே தடுப்பு போட்டார். அது இருப்பது இடப்பக்கமா, வலப்பக்கமா? தெரிந்துவிட்டால் அது தடுப்பைத் தள்ளும் விசையை வைத்தே வேலை வாங்கலாம். ஆனால் அதைத் தெரிந்துகொள்வதற்கே, கிடைத்த லாபத்துக்குக் குறையாத விலை கொடுத்தாக வேண்டும் என்றார் சிலார்ட். இடமா வலமா என்ற அந்தச் சிறு தகவலைத்தான் இன்று கணினி உலகம் 'பிட்' என்கிறது. தகவலை அழித்தால் வெப்பம் வெளியேறியே தீரும் என்று 1961இல் லாண்டவர் காட்டினார். பூதம் விலை கொடுப்பது அறியும்போதல்ல, அறிந்ததை அழிக்கும்போதுதான் என்று 1982இல் பென்னட் திருத்தினார்.

1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் சிலார்ட் ஜெர்மனியை விட்டு வெளியேறினார். அணுத் தொடர்வினை சாத்தியம் என்று அதே ஆண்டு லண்டனில் கணித்தவரும் அவரே. பின்னர் அமெரிக்காவில் அணுகுண்டுத் திட்டத்தில் பணியாற்றினார். சரணடைய வாய்ப்பளிக்காமல் ஜப்பான் மீது குண்டு போடக் கூடாது என்று 1945 ஜூலையில் மனு எழுதினார். அவரோடு சேர்த்து 70 பேர் கையெழுத்திட்டனர். அது அதிபர் ட்ரூமனின் கைக்குப் போய்ச் சேருமுன்பே ஹிரோஷிமா எரிந்துவிட்டது.

அதன்பின் அணு இயற்பியலை விட்டு உயிரியலுக்கு மாறிய சிலார்ட், 1964இல் கலிபோர்னியாவில் காலமானார்.